மேசையில் விழுந்த கை

சாயங்கால வெயில் திரையில் அடிக்காமலிருக்க, செல்லதுரை தன் துண்டையே சன்னலுக்குக் கட்டிவிட்டு நிற்கிறார். டி.வி.யோடு இணைத்த கம்ப்யூட்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து மவுஸை உருட்டுகிறாள் மகள் மதிவதனி. திரையில் கிராம சபைக் கூட்டத்தின் வீடியோப் பதிவு. ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அவள் அம்மா அஞ்சலை. படம் முன்னால் ஓடுகிறது, குரல் பின்னால் வருகிறது. அம்மாவின் உதடு மூடிய பிறகுதான், "கடைமடைக்கும் தண்ணி வந்தாகணும்!" என்கிறது ஸ்பீக்கர். "வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு புள்ள" என்று முகம் சுளிக்கிறார் அப்பா. மதிவதனி குரலை இம்மி இம்மியாக முன்னால் இழுக்கிறாள். உதட்டை நம்பிப் பயனில்லை. அம்மா மேசையில் ஓங்கி அறைகிற இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறாள். கை விழுகிறது, பிறகு சத்தம். கை விழுகிறது, ஒட்டினாற்போல் சத்தம். கையும் சத்தமும் ஒன்றாக விழும்போது வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. திரையில், கால்மேல் கால் போட்டிருந்த மேலத்தெரு மிராசு காலைக் கீழே இறக்குகிறார். அப்பா சிரித்துவிடுகிறார். "இதப் போயி என்னத்தப் பாக்குறீங்க" என்று அதுவரை அடுப்படியை விட்டு நகராத அஞ்சலை, மாவுக் கையோடு வாசற்படியில் வந்து நிற்கிறாள்.

"சவுண்டக் கூட்டு மதி" என்கிறாள். "மேலத்தெரு வரைக்கும் கேக்கட்டும்."