மூன்றாவது மாடியைக் கடக்கும் வயர்

நான்காவது மாடி இளம்பரிதி தினமும் மாலை ஆறு மணிக்கு, கீழே நிற்கும் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட ஜன்னல் வழியாக வயரை இறக்குவான். "ஜெசிந்தாக்கா, வயர் வருது!" என்று குரல் கொடுப்பான். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும், நாள் முழுக்க வேறு யாரும் கூப்பிடாத ஜெசிந்தா, "வரட்டும், வரட்டும்," என்று வயருக்கு வழிவிட்டு ஜன்னல் கதவைச் சாத்துவார். அந்த வயர் ஆபத்து என்று குடியிருப்போர் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

எட்டு மாதம் கழித்து எலக்ட்ரீஷியன் வந்தார். பழைய கட்டடம், நான்கு சார்ஜிங் பாயிண்டுக்கு மேல் தாங்காது என்றார். நான்கு போதும், வயரை எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். ஜெசிந்தா தூக்கவில்லை.

"உங்க புகாருக்குத்தானேம்மா இவ்வளவும்?" என்றார் செயலாளர் வரதன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே புதுப் பாயிண்டில் பச்சை விளக்கு எரிந்தது. முந்தின நாள் மாலை இறக்கி, இன்னும் தொங்கிக்கொண்டிருந்த வயரை இளம்பரிதி மேலே இழுத்தான். பாதியில் நின்றுவிட்டது.

"எங்கயாவது மாட்டிக்கிச்சாப்பா?" என்று கீழிருந்து வரதன் கேட்டார்.

இளம்பரிதி எட்டிப் பார்த்தான். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து இரண்டு கைகள் வயரைப் பிடித்திருந்தன.

"அக்கா, விடுங்க."

"இன்னும் ஆறு மணி ஆகலையேப்பா," என்றார் ஜெசிந்தா.