வெல்டர் வெளியேறினார்

வெல்டர் மூன்றாவது தடவையும் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.

"பார்த்தீங்களா பாஸ்டர்? சேர்த்து பத்து நிமிஷம்கூட ஆகலை!" நர்ஸம்மா போனை நீட்டினாள்.

ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். வெல்டரும் அவர் மனைவியும் அப்போதே கிளம்பிப் போயிருந்தார்கள்.

"விடும்மா. இஷ்டமில்லைன்னா என்ன பண்றது?" என்றார் பாஸ்டர்.

விடுவதாவது! சபைக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி டியூட்டி போக மிச்ச நேரமெல்லாம் அதற்கே போனது. ஒருத்தர் போனில் இடமே இல்லை என்றார். ஒருத்தி, "போன் மாமியார் கையில இருக்கு, வேண்டாம்க்கா" என்றாள். மூத்தவர் ஒருவர், சபையில் இதெல்லாம் எதற்கு என்று முறுக்கிக்கொண்டார். சேர்ந்த அன்றே நாற்பது பூப்படம் அனுப்பியவரும் அவரேதான்.

எல்லாரிடமும் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டுக்கு ஒரு நம்பர் என்று எண்பத்துநாலு வீட்டில் எண்பத்துமூன்றைப் பிடித்தாயிற்று.

முதலில் அறிவிப்புகளை எழுதித்தான் அனுப்பினாள். டியூட்டி முடிந்து வந்து டைப் அடிப்பதற்குள் விரல் ஓய்ந்தது. பிறகு வாய்ஸாகப் பேசி அனுப்பினாள். "ரேடியோல கேக்கற மாதிரி இருக்கு சிஸ்டர்!" என்று ஒரே பாராட்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமென்ன, நிறையவே.

இந்த வெல்டர் ஒருவர்தான் பிடி கொடுக்கவில்லை.

"போன புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை என் வீட்டுக்கு மாத்தினோமே, இவங்க ரெண்டு பேரும் பூட்டின சபை வாசல்ல முக்கால் மணி நேரம் மழையில நின்னிருக்காங்க. குரூப்ல இருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

"தலைக்கனம் சிஸ்டர், வேறென்ன?" என்றார் நாற்காலி அடுக்கியவர்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. மறுநாள் காலை நேரே பட்டறைக்கே போய்விட்டாள்.

வெல்டர் இரும்புக் கேட் ஒன்றை கிரைண்டரால் தேய்த்துக்கொண்டிருந்தார். காதைப் பிளக்கும் சத்தம். பக்கத்திலேயே அவர் மனைவி ஜன்னல் கம்பிகளுக்கு பிரைமர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குக் காது கேட்காது. சபைக்கே தெரிந்த விஷயம் அது. நர்ஸம்மாவுக்கும் பத்து வருஷமாகத் தெரியும்.

"பிரதர், சுத்தி வளைக்காம கேக்கறேன். என்மேல என்ன கோபம்? சேர்க்கச் சேர்க்க எதுக்கு வெளியே போறீங்க?"

வெல்டர் கிரைண்டரை அணைத்தார்.

"நான் எங்க சிஸ்டர் போனேன்? அந்த நம்பர் இவளோடது. பட்டறைக்கு வர்ற ஆர்டர், அளவு எல்லாம் மெசேஜ்ல பேசறது இவதான். ஒரு எழுத்துப் பிழை இருக்காது. இதுவரைக்கும் ஒரு அளவு பிசகினதில்ல." சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "முதல்ல நீங்க எழுதி அனுப்பினீங்க இல்லையா, வரி விடாம படிச்சு எனக்குச் சைகையில சொல்லுவா. அப்புறம் எல்லாம் வாய்ஸா வர ஆரம்பிச்சுது..."

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பிரதர்!"

"சொல்ல விட்டாத்தானே? 'எழுதி அனுப்புங்க'ன்னு குரூப்ல கேக்கலாம்னு மூணு தடவை போனைக் கையில எடுத்தேன். மூணு தடவையும் பிடுங்கி, இவளே வெளியே வந்துட்டா. உங்ககிட்ட நேர்ல சொல்லவும் கூடாதுன்னுட்டா. ஏன்டின்னு கேட்டா சிரிக்கறா."

பத்து வருஷமாகத் தெரிந்த விஷயம், வாய்ஸில் பேசும்போது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லையே! நர்ஸம்மா தன் போனை எடுத்து மளமளவென்று அடித்து, அவளிடம் காட்டினாள்:

'மன்னிச்சுக்கோங்க. இன்னிலேர்ந்து வாய்ஸ் கிடையாது. எல்லாம் எழுத்துதான்.'

படித்ததும் அவள் பதறி, வேண்டாம் என்று தலையாட்டினாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, அதை அழித்துவிட்டு வேறு அடித்தாள்:

'வாய்ஸும் வேணும். எழுத்தும் சேர்த்துப் போட முடியுமா சிஸ்டர்?'

ரெண்டும் எதற்கு என்று நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் முடியும் என்று தலையசைத்தாள். அங்கேயே நின்று நாலாவது தடவையாகக் குரூப்பில் சேர்த்தாள். அன்று சாயங்காலக் கூட்டத்துக்கான அறிவிப்பைப் பேசி அனுப்பி, அதையே எழுதியும் அனுப்பினாள்.

"இனிமே பாருங்க சிஸ்டர், உங்க எழுத்துப் பிழையெல்லாம் பிடிப்பா!" என்று சிரித்தார் வெல்டர்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நர்ஸம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு மெசேஜ் வந்தது.

'இவர் எதிர்ல எழுத முடியலை சிஸ்டர். என் பக்கத்துல உக்கார்ற சலவைக்கடை அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இவருக்குக்கூட நான் சொன்னதில்ல, நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பாட்டு ஆரம்பிச்சா அவங்க எழுந்திருக்கறதைப் பார்த்து நான் எழுந்திருப்பேன். நான் பக்கம் திருப்பறதைப் பார்த்து அவங்க திருப்புவாங்க. வாய்ஸ் வந்த பிறகுதான் எல்லாக் கூட்டத்துக்கும் முதல் ஆளா வர்றாங்க. இவர் கேட்டிருந்தா நீங்க உடனே எழுத்துக்கு மாத்தியிருப்பீங்க. எனக்கு எடுத்துச் சொல்ல இவர் இருக்கார், அக்காவுக்கு யாரும் இல்ல. ரெண்டுல ஒண்ணுதான் உங்களால முடியும்னா, அது அக்காவுக்கே இருக்கட்டும்னுதான் நான் வெளியே போனேன்.'