வீங்கிய எதிரி

ரெஜினா டீச்சரின் ரத்தத்தில் மூக்கன் என்றொரு வெள்ளணு காவல் பார்த்துவந்தான். கிருமியைக் கண்டால் விடவே மாட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒருநாள் டீச்சரின் வலது ஆள்காட்டி விரல் மூட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஓர் அடி போட்டான். மூட்டு வீங்கியது.

"வீங்குறான் பாரு, எதிரியேதான்!" என்று மறுபடி அடித்தான். இன்னும் வீங்கியது. கூட்டாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். அடிக்க அடிக்க வீக்கம், வீங்க வீங்க அடி. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் மூக்கன் ஓய்ந்துபோனான். எதிரியோ சாகிற வழியாக இல்லை.

சண்டையை அடக்கிவைக்கும் வெள்ளணுக்கள் அந்த ரத்தத்தில் குறைவு. டீச்சர் மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு அவர்கள் பெருகினார்கள். அதில் ஒருத்தி, பொன்னி, மூட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, கையை எடுங்க."

"எப்படி வீங்கியிருக்கான் பாரு தாயி!"

"கொஞ்ச நாள் அடிக்காமத்தான் இருந்து பாருங்களேன்."

மூக்கன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். வீக்கம் மெல்ல வடிந்தது. உள்ளே கிருமி இல்லை. பிறந்த நாளிலிருந்து கூடவே இருந்த குருத்தெலும்புதான் இருந்தது.

"நீயா? முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஒவ்வொரு அடிக்கும் 'ஐயோ, நான்தான்'னு கத்தினேனேப்பா. எதிரி கத்துறான்னு நீதான் ஊரையே கூட்டினே."

மூக்கனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அப்போது மூட்டு மடங்கியது. டீச்சர் சாக்பீஸ் பிடித்திருந்தார். மூக்கன் பழக்கத்தில் கையை ஓங்கிவிட்டான். பொன்னி திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும் தாயி, நம்ம ஆளுதான்," என்று கையை இறக்கியவன், அங்கேயே சாய்ந்து தூங்கிப்போனான்.