இடது பின்சக்கரம்

கராஜ்காரன் முத்துவீரன் டயரைக் கையால் தடவினான். வெளி ஓரத்திலிருந்து உள்ளே போனபோது கை வழுக்கியது. திரும்பி வந்தபோது உள்ளங்கையைக் கீறியது.

"என்னங்க முதலாளி, டயரக் குடுத்து எலி வளக்குறீங்களா?"

"பகிடிய விட்டுட்டு வேலையப் பாரு," என்றார் ஜமால்தீன், கராஜின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி.

பாறூக் சிரிக்கவில்லை.

அவன் ஜமால்தீனின் தங்கை மகன். அவருடைய ஒஸ்டின் காரை ஓட்டுகிறவனும் அவன்தான். அவருடைய மகள் கைறுன்னிஸாவுக்குப் பேசி வைத்திருப்பதும் அவனைத்தான். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ்.

காலையில் வீட்டு வாசலில் வைத்து, உள்ளே எல்லோருக்கும் கேட்கும்படி மாமா சொல்லிவிட்டார்.

"புது டயர் போட்டு ஒரு போகம் போகல்ல, மொட்டையாகிட்டு. டயர் கெடைக்கிற காலமா இது? ஓட்டுறவன்ட பிழைன்னு தெரிஞ்சா அந்த மாப்பிள்ளையே எனக்கு வேணாம். ஒரு காரப் பாத்துக்கத் தெரியாதவன் என்ட மகளப் பாப்பானா?"

ஜன்னல் சீலை அசைந்தது. அதன் பின்னால் நிற்பது யார் என்று பாறூக் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த ஒரு டயருக்குப் பெர்மிட் எடுக்க மாமா அரசாங்கக் கச்சேரிக்கு எத்தனை தரம் நடந்தார் என்பது அவனுக்குத் தெரியும். அவர் வீணாகக் கோபப்படுகிறவர் அல்ல. சொன்ன சொல்லை மாற்றுகிறவரும் அல்ல. பயமே அதுதான்.

முத்துவீரன் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, காரை அதன்மேல் மெல்ல ஓட்டச் சொன்னான். நனைந்த சக்கரங்கள் காய்ந்த சிமெந்தில் தடம் பதித்தன. முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகவில்லை. ஒரு விரல் விலகிப் போயிருந்தது.

பிறகு நூலை எடுத்தான். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவுக்கு. வலப்பக்கம் அளந்து வெட்டிய நூல் இடப்பக்கம் எட்டவில்லை.

பாறூக்கின் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் துணி இருந்தது. காரின் கண்ணாடி துடைக்கவென்று கைறுன்னிஸா ஓரம் தைத்து, மாமியிடம் கொடுத்தனுப்பியது. வியர்த்த கையை அவன் அதில் துடைக்கவில்லை. உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

முத்துவீரன் காருக்கு அடியில் புகுந்தான். குரல் மட்டும் வந்தது.

"இடது ஸ்பிரிங் பட்டை உக்காந்திருச்சிங்க. வளைஞ்சு நிக்க வேண்டியது தட்டையா நீண்டு, அச்சைப் பின்னால தள்ளிருச்சு. சக்கரம் நேரா உருளாம இழுபடுது. தேயாம என்ன செய்யும்?"

"குழியில கிழியில உட்டிருக்கானா?"

"குழியில உட்டா பட்டை ஒடைஞ்சிருக்குங்க. இது நாள்பட்ட பாரம். எப்பவும் ஒரே பக்கம்." வெளியே வந்து முழங்கையைத் தட்டிக்கொண்டான். "இந்தப் பக்கம் அப்படி என்னத்த ஏத்துறீங்க, தம்பி?"

பாறூக்குக்குப் பதில் தெரியும். கேள்வி முடிவதற்குள் தெரிந்துவிட்டது.

 

ஜமால்தீன் நாற்காலியைவிட்டு எழுந்தார். "வில்கமுவயில இருந்து அரிசி ஏத்துறியா?" அவர் குரல் தணிந்திருந்தது. அரிசியை ஊருக்கு ஊர் கொண்டுபோகத் தடை போட்டு, வழியெல்லாம் பொலிஸ் மறித்துச் சோதித்த காலம் அது. "எனக்குத் தெரியாம, என்ட கார்ல?"

"அல்லாஹ்வே, இல்ல மாமா."

"அப்ப என்ன பாரம்?"

முத்துவீரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டென்று குனிந்து நூலைச் சுருட்டத் தொடங்கினான். அந்த வாய் ஓய்ந்து யாரும் கண்டதில்லை.

ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்தான் பாறூக்குக்கு வரவில்லை.

வீட்டில் உம்மா, கூப்பனுக்குக் கிடைத்த துணியைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தாள். மாப்பிள்ளைச் சட்டைக்கு.

"என்ட பிழைதான் மாமா. நான்தான் கவனிச்சிருக்கணும்."

ஜமால்தீன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தான். திட்டவில்லை. "சரி. வீட்டுக்குப் போவம். மாமிட்ட நானே பேசிக்கிறேன்."

என்ன பேசுவார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பாறூக் போய் இடது பின்கதவைத் திறந்து பிடித்தான். காரோட்டிகள் திறந்து பிடிக்கும் கதவு அது. முதலாளிமார் உட்காரும் இடம் அது. கடைக்கு, பள்ளிவாசலுக்கு, கொக்கோ வாங்கத் தோட்டம் தோட்டமாக, கார் வாங்கிய நாள் முதல் ஜமால்தீன் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

அவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார்.

கார் இடப்பக்கம் சாய்ந்தது. அடியில் பட்டை முனகியது. பின்சக்கரத்துக்கு மேலிருந்த தகரம் டயரைத் தொடப் பார்த்தது.

அவர் அப்படியே நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

முத்துவீரன் கூரையைப் பார்த்தான். பாறூக் தரையைப் பார்த்தான்.

காலை வெளியே எடுத்தார். கார் நிமிர்ந்தது.

இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார்.

பிறகு பின்கதவைத் தானே சாத்திவிட்டு முன்பக்கம் நடந்தார். அந்தக் கதவை அவர் திறந்ததே இல்லை. கைப்பிடியோடு மல்லுக்கட்டினார். பாறூக் ஓடி வந்து திறந்துவிட்டான்.

காரோட்டியின் பக்கத்து ஆசனத்தில், இரண்டு கைகளையும் மடியில் வைத்து, நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"முத்துவீரா, அந்தப் பட்டையப் பெருநாளுக்கு முந்தி மாத்திரு," என்றார். "நிக்காஹ்வுக்குக் கார் வேணும்."