வெள்ளைத் தாள் வைத்து எடுக்கவும்

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டா. இவ எனக்கு டீச்சரா, இல்ல நாத்தனாரா?"

அவள் போனை சோபாவில் எறிந்தாள். கணவர் அதை எடுத்துப் படித்தார்.

'ஈறு பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மீண்டும் எடுத்து அனுப்பவும்.'

"வெள்ளைத் தாளா? அது பாடத்துல இருக்கா?"

"எந்தப் பாடத்துலயும் இல்ல. நாயோட உதட்டைத் தூக்கணும், ஈறை விரலால அழுத்தணும், விட்டதும் ரத்தம் ஓடிவர எத்தனை நொடி ஆகுதுன்னு எண்ணணும். அவ்வளவுதான். நேத்து அதை அச்சுப் பிசகாம செஞ்சேன்."

செல்லப் பிராணிகள் ஆஸ்பத்திரி ஒன்றில் கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. நாய், பூனைகளுக்கான நர்சிங் படிப்பை வீட்டிலிருந்தே போனில் படித்தாள். செய்முறையை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இந்த ஒன்று பாஸானால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் கவுண்டரை விட்டு சிகிச்சை அறைக்குள் வந்துவிடலாம் என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசித் தேதி இன்றைக்கு.

சேர்ந்த புதிதில், "தபால்ல நீச்சல் கத்துக்கப் போறியா?" என்று கிண்டலடித்த கணவர்தான் இப்போது கேமராமேன்.

நாயின் பெயர் துரை. வேளாவேளைக்குச் சேவகம் செய்ய வீட்டில் இரண்டு பேரை வைத்திருப்பதால் வந்த பெயர்.

"பாருங்க, எவ்வளவு சமத்தா வாயைக் காட்டறான். மத்தவங்க வீட்டு நாயெல்லாம் வீடியோல துள்ளிக் குதிக்குது. அவங்களுக்கெல்லாம் பாஸ். என் கை பட்டா எந்த நாயும் அடங்கிடும். எனக்கு மட்டும் வெள்ளைத் தாள்."

திட்டிக்கொண்டே துரையை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். கணவர் ஒரு கையில் தாளையும் ஒரு கையில் போனையும் பிடித்தார். அவள் உதட்டைத் தூக்கி, அழுத்தி, விட்டு, சத்தமாக எண்ணினாள். அனுப்பினாள்.

காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'கீழ் இமையை இழுத்து உள்பக்கமும் காட்டவும்.'

"ஈறுப் பாடத்துக்கு இமை எதுக்கு? வேணும்னே பண்றா. என் பொண்ணு வயசுகூட இருக்காது, மண்டைக்கனத்தைப் பாருங்க."

அதையும் எடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த நிமிஷமே அந்த டீச்சரை அழைத்தாள்.

"ஏம்மா, என் வேலைல குத்தம் கண்டுபிடிக்கணும்னே உக்காந்திருக்கியா? இன்னிக்கு ஈறு, அப்புறம் இமை, நாளைக்கு வாலைத் தூக்கச் சொல்லுவியா? எத்தனை நாயை நான் பார்த்திருப்பேன் தெரியுமா?"

எதிர்முனை பொறுமையாகக் கேட்டது.

"அக்கா, திட்டி முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இருக்கு."

"மிச்சத்தை அப்புறம் வாங்கிக்கறேன். துரை இன்னிக்கு சாப்பிட்டானா?"

"ஏன், அதுக்கும் மார்க்கா?"

"சொல்லுங்கக்கா."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"ரெண்டு நாளா பிகு பண்ணிக்கிட்டிருக்கான். அவன் எப்பவும் அப்படித்தான்."

"போன் நிறத்துல பொய் சொல்லும்க்கா. மஞ்சள் பல்புல எடுத்தது எனக்குச் சரியாப் புரியலை. அதான் தாள் வைக்கச் சொன்னேன். அந்த வீடியோவை நிறுத்தி, தாளையும் ஈறையும் பாருங்க."

நிறுத்திப் பார்த்தாள். அவள் விரலுக்கு இந்தப் பக்கம் தாள், அந்தப் பக்கம் ஈறு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. எல்லா வீடியோவிலும் நொடியைச் சரியாக எண்ணியிருந்தாள். நிறத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"இமைக்குள்ளயும் அப்படித்தான் இருக்கு. நிச்சயமாத் தெரியாம உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு நினைச்சேன். இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்கக்கா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"உண்ணி கடிச்சு வந்த காய்ச்சல். ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. மருந்துக்குக் கேட்கும், பயப்படாதே. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்."

துரைக்கு ஊசி போட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல கண்ணு உனக்கு. நாங்களே சில சமயம் கோட்டை விட்டுடுவோம். சீக்கிரம் பாஸ் பண்ணிட்டு உள்ள வந்துடு."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"என் கண்ணு இல்ல டாக்டர். எங்கேயோ ஒரு ஊர்ல உக்காந்திருக்கற எங்க டீச்சரோட கண்ணு."

துரைக்கு டிரிப்ஸ் ஏறத் தொடங்கியதும் வெளியே வந்து போன் செய்தாள்.

"மன்னிச்சுக்கம்மா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். துரை பொழைச்சுட்டான், அது போதும். ஆனா ஒரே ஒரு உதவி பண்ணு. கடைசித் தேதி இன்னியோட முடியுது, ரெண்டு நாள் தள்ளிக் குடு. பாஸாகற மாதிரி வேற நாயை வச்சு ஒழுங்கா எடுத்து அனுப்பறேன்."

எதிர்முனையில் லேசாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நீங்க முதல் வீடியோவுலயே பாஸ்க்கா. அதை அப்பவே சொல்லியிருந்தா, அடுத்ததை எடுத்திருப்பீங்களா?"