கிடக்கிற கல்

அவள் இன்னும் கை கழுவவில்லை.

மற்றவர்கள் கழுவிவிட்டார்கள். குடத்தில் கால்வாசிதான் மிச்சம். குடிதண்ணீர். உப்பளத்தில் அதைக் கை கழுவ எடுப்பது வருஷத்தில் இந்த ஒரு நாள்தான்.

யுத்த காலத்தில் குண்டு போடும் விமானம் ஒன்று இந்தக் கரையில் விழுந்து எரிந்தது. உள்ளே ஆறு வெள்ளைக்காரர்கள். நாலு பேர் கருகிப்போனார்கள். இரண்டு பேர் வெளியே விழுந்து கிடந்தார்கள், உயிரோடு. வெந்த உடம்பில் உப்புக் கை பட்டால் எப்படி எரியும் என்று அளத்து ஆட்களுக்குத் தெரியும். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுத்தான் தூக்கினார்கள். பட்டாள லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

ஊர் ஆறு கல் வைத்தது.

செத்தவனுக்கு நிற்கிற கல். பிழைத்தவனுக்குக் கிடக்கிற கல். சாவுச் செய்தி வந்தால் நிமிர்த்துவார்கள்.

பிழைத்தவர்களில் ஒருவனுடைய மகள் ஒரு தடவை தேடி வந்தாள். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். அன்றைக்கே அவன் கல் நிமிர்ந்தது.

இன்னொருவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சின்னத் துரை என்று அவனுக்கு ஊர் வைத்த பேர். தூக்கும்போது அம்மாவைக் கூப்பிட்டானாம். பாஷை தெரியாதவர்களுக்கும் அது புரிந்ததாம்.

அவன் இன்னும் கிடக்கிறான்.

நிற்கிறவர்களுக்கு மாலை, சுருட்டு, பிராந்தி. கிடக்கிறவனுக்குக் கருப்பட்டிக் காப்பியும் முறுக்கும்.

"நூறு வயசு தாண்டியிருக்குமேய்யா. பல்லு ஏது, முறுக்கு திங்க?" என்றான் ஓர் இளவட்டம்.

"காப்பியில முக்கித் திம்பாரு. ஒனக்கு ஏம்லே வவுத்தெரிச்சல்?" என்றார் பலவேசம் பெரியவர். பூசை அவருடையது.

கூட்டம் சிரித்தது.

கை கழுவாமல் நின்றவள் ஏழாவது கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுக் கல். காலையில் டிராக்டரில் வந்தது. பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி.

அவள் புருஷனுக்கு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உப்பு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி. ஆளும் வரவில்லை, ஒரு பலகையும் கரை ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு இந்த ஊரில் கல்தான் கருமாதி. பெண்டாட்டி கை வைத்துத் தூக்கிவிட வேண்டும். கல் நின்றதும் தாலி இறங்கும்.

இந்த ஒன்பது வருஷமும் எந்த விசேஷ வீட்டிலும் அவளை எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளாகவே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கொழுந்தன் சிவபெருமாள் கடப்பாரையோடு நின்றான். கெட்டவன் இல்லை. தன் வீட்டுக்கு அரிசி வாங்கும்போது அவள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் வாங்குவான். அவன் மகள் சண்முகக்கனிக்கு ஆவணியில் கல்யாணம். ஒரு சாவைத் தீர்க்காத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

தாயில்லாத சண்முகக்கனியை இடுப்பில் வைத்து வளர்த்தது அவள்தான்.

"கழுவுங்க மதினி. வெயில் ஏறுது."

அவள் நடந்தாள். குடத்தைத் தாண்டிப் போனாள். கிடக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மொதல்ல இவர நிமித்துங்க. பொறவு நான் கை வைக்கேன்."



"அது எப்பிடித் தாயி?" என்றார் பெரியவர். "அவரு செத்தாருன்னு யாரு வந்து சொன்னா?"

கேட்டு முடித்த பிறகுதான், கேட்டது அவருக்கே உறைத்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிவபெருமாள் மகளைப் பார்த்தான். அவள் கூட்டத்துக்கு நடுவே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இத்தன வயசுக்கு எவம்ல உசுரோட இருப்பான்?"

யாருக்கென்று இல்லாமல் சொல்லிவிட்டு, கிடக்கிற கல்லுக்கு அடியில் கடப்பாரையைச் செருகினான். யாரும் தடுக்கவில்லை. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

நெம்பினான்.

எண்பது வருஷம் படுத்திருந்த கல். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு பக்கம் மண்ணை விட்டு எழும்பியது. அடியில் ஈரம். குஞ்சு நண்டு ஒன்று வெளிச்சத்துக்குக் கூசி ஓடியது.

"வேண்டாம்!"

கத்தியது அவள்தான்.

கல்லின் மேல் விழுந்து இரண்டு கையாலும் அமுக்கினாள். காப்பி கொட்டியது. கடப்பாரை துள்ள, சிவபெருமாள் கையை விட்டுவிட்டான். கல் பழைய பள்ளத்திலேயே போய் உட்கார்ந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரனின் கல்மேல் கிடந்து மூச்சு வாங்கினாள்.

பலவேசம் பெரியவர் டம்ளரை நிமிர்த்தி வைத்து மறுபடியும் காப்பி ஊற்றினார்.

சிவபெருமாள் குழியோரம் குத்தவைத்து உட்கார்ந்தான். பீடியை எடுத்தான். பற்றவைக்காமல் விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தான்.

கூட்டத்துக்குள்ளிருந்து சண்முகக்கனி எழுந்து வந்தாள். மண்வெட்டியை எடுத்து அப்பன் முன்னால் நீட்டினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

வாங்கிக்கொண்டான்.

குழியை மூடினான். மிதித்து இறுக்கினான். பிறகு பக்கத்தில், புதுக் கல் படுக்கிற நீளத்துக்கு மண்ணைச் சீவத் தொடங்கினான்.

பாதியில் நிமிர்ந்தான்.

"தல எந்தப் பக்கம் மதினி?"

அவள் வீடு இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள்.