ஏரி தெரிகிற வீடு

கார்லா வாளித் தண்ணீரைக் கீழ்த்தளத்துச் சுவரில் வீசி ஊற்றினாள். விருந்தாளி வருவதற்கு முன்னால் வீட்டைக் கழுவிவிடுகிறவள் மாதிரிதான் இருந்தாள். ஆனால் துடைக்கவில்லை. ஈரம் பரவுவதைத் தள்ளி நின்று பார்த்தாள்.

"போதுமா பாரு."

படியில் நின்ற அவள் புருஷன் வெஸ் உச்சுக்கொட்டினான். "பதினோரு வருஷத்துல இந்தச் சுவர் ஒரு நாள் கசிஞ்சதில்ல. அதுக்குப் போய்க் கெட்ட பேர் வாங்கிக் குடுக்குறியே."

"சுவருக்காக இவ்வளவு உருகுறியே, எனக்காகக் கொஞ்சம் உருகு. வீடு வித்துப்போச்சுன்னா எங்க போய்ப் படுப்ப? உன் ஓட்டை லாரியிலயா?"

வெஸ் வாளியை வாங்கிக்கொண்டு மேலே போனான்.

வீட்டுக்காரக் கிழவர் ஹக்காலா போன பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். இருந்தவரைக்கும் வாடகையை ஏற்றாத மனுஷன். அரிசோனாவில் இருக்கும் அவர் மகள் போனில் நயமாகத்தான் சொன்னாள்: "விக்கிற வரைக்கும் இருங்க. இந்தக் கோடைக்குள்ள விலை போகலைன்னா அந்த நினைப்பையே விட்டுடுறேன். நீங்களே இருந்துக்குங்க."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் கார்லா பிடித்துக்கொண்டாள். மார்க்வெட் ஊர் முழுக்க வேறு வீடு தேடி அலுத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் வாங்குகிற சம்பளத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் ஒற்றை அறைக்கு மேல் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் வீடு பார்க்க வருகிறவர்களிடம், தரகர் அம்மாள் ரொவீனா அந்தப் பக்கம் நகர்ந்ததும், காதோடு காதாக வீட்டைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாள். சொன்னதெல்லாம் பொய். அவளுக்குத் தெரிந்து இவ்வளவு நல்ல வீடு அந்த ஊரில் இல்லை.

போன வாரம் ஓர் இளம் ஜோடி வந்தது. அவன் பள்ளிக்கூட வாத்தியார், அவள் நிறைமாதம். பின்பக்கத்துச் சின்ன அறைக்குள் போனதும் அந்தப் பெண் ஜன்னலோரத்தைத் தொட்டுப் பார்த்து, "தொட்டிலை இங்க போடலாம்டா" என்றாள். கார்லாவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

பிடித்து என்ன செய்ய? "கீழ ஒரே பூஞ்சைம்மா. அந்த வாடை மேல ஏறும். பச்சைக் குழந்தைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. கீழே போய் ஈரச் சுவரைப் பார்த்தவள், திரும்பி வந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்றைக்குக் கார்லாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. "நல்ல பிள்ளைங்க, இல்ல?" என்று வெஸ் கேட்டதற்கு அவள் முறைத்த முறைப்பில் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய்விட்டான்.

இன்றைக்கு வந்திருப்பவர்கள் சிகாகோக்காரர்கள், நடுத்தர வயது. மனைவிக்காரி நேராக ஜன்னலுக்குப் போய் ஏரியைப் படம் எடுத்தாள். புருஷன் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"இதுல மொத்தம் எத்தனை பேர் படுக்கலாம்?"

"பெரிய குடும்பமா?" என்றாள் கார்லா.

"நிறைய பேர் வருவாங்க" என்று அவன் சிரித்தான்.

ரொவீனா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனதும் கார்லா ஆரம்பித்தாள். "கீழ்ச் சுவரைப் பார்த்தீங்களா? வருஷம் பூரா இப்படித்தான் ஊறிக்கிட்டே இருக்கும்."

"ரெண்டு கை பெயிண்ட் அடிச்சாப் போச்சு."

"பக்கத்து வீட்டு நாய்ங்க விடிய விடியக் குரைக்கும்."

"நாய்ன்னா குரைக்கத்தானே செய்யும்!"

"பனி கொட்டிச்சுன்னா வாசக்கதவையே திறக்க முடியாது. ஏரிக்காத்துல ஜன்னலெல்லாம் ஊளையிடும். ஹீட்டர் ஓட்டியே ஓட்டாண்டி ஆயிடுவீங்க."

"ஊளையிடுமா!" மனைவிக்காரி கண்கள் மின்னப் புருஷனைப் பார்த்தாள். "கேட்கவே எவ்வளவு நல்லா இருக்கு!"

இதுவரை வந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கடைசி ஆயுதமாகக் கார்லா, "கிழவர் இந்த வீட்லதான் செத்தாரு. மாடியில இப்பவும் நடமாட்டம் கேட்குது" என்றாள். மாடியில் வெஸ் வேண்டுமென்றே தரையை ஓங்கி மிதித்தான்.

"அடடா, இது வேறயா! இதையும் விளம்பரத்துல போடலாமே" என்றான் அவன்.

ரொவீனா திரும்பி வந்தாள். அவளிடம் அவன் அதிகம் பேசவில்லை. "சொன்ன விலைக்கே எடுத்துக்கறோம். மொத்தமும் ரொக்கம். ஆனா மாசக் கடைசிக்குள்ள வீடு காலியாகணும்."

ரொவீனா முகமெல்லாம் பல்லாக அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மாடியில் காலடிச் சத்தம் நின்றுபோயிற்று.

கார்லா தன்னை மறந்து கத்திவிட்டாள். "நான் சொன்னது எதுவுமே காதுல விழலையா உங்களுக்கு? இந்த ஈரத்துலயும் குளிர்லயும் எப்படிங்க குடியிருப்பீங்க?"

மனைவிக்காரி உண்மையிலேயே நெகிழ்ந்துபோனாள். கார்லாவின் தோளில் கையை வைத்து, பரிவோடு சொன்னாள்:

"எங்களுக்காகக் கவலைப்படாதீங்கம்மா. ரெண்டு நாள் தங்கிட்டுப் போற டூரிஸ்ட்டுங்கதான் வருவாங்க. இங்க யாரும் குடியிருக்கப் போறதில்ல."